மகளின் வேலையை விசாரிக்கப் போனேன்

என் மகளுக்கு வேலை கிடைத்த செய்தி வந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. அவள் சொன்ன சம்பளம் அப்படி. கூட்டுறவுச் சங்கத்தில் என் ஆயுசையே கரைத்து, ஓய்வு பெறும்போது நான் வாங்கிய கடைசிச் சம்பளத்தை அவள் முதல் மாதமே தாண்டிவிடுவாளாம். ஸ்கூட்டியைத் திருப்பத் தெரியாமல் இன்னும் இறங்கித் தள்ளுகிற பெண் அவள்.

"எம்புட்டுன்னு சொன்ன?" என்று திரும்பக் கேட்டேன். அவள் மாற்றாமல் அதையே சொன்னாள்.

"இம்புட்டு எதுக்குத் தாயி குடுக்கான்?"

"வேலை பாக்கிறதுக்குத்தான் அய்யா."

இந்தப் பதில் எனக்குப் போதாது. சங்கத்தில் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் நான். சிரித்த முகத்தோடு, அவசரமே இல்லாமல், புத்தம்புதுச் சங்கிலியை நீட்டுகிறவரைத்தான், நகை போலியோ என்று முதலில் சந்தேகிப்பேன். கஷ்டத்தில் வருகிறவர்கள் சிரிக்க மாட்டார்கள், அவர்கள் கொண்டுவரும் நகையும் மின்னாது. அங்கே சந்தேகம் எனக்குத் தொழிலாக இருந்தது. தொழில் முடிந்த பிறகு அது குணமாக நின்றுவிட்டது. கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டிருந்தால் இரண்டையும் வாங்காமல் வருகிறவன் நான்.

மகள் படித்தது நிலவியல். அதற்குமேல் எண்ணெய், எரிவாயு பற்றிய நிலவியலை இரண்டு வருஷம் வெளியூரில் தங்கிப் படித்தாள். ராமநாதபுரம் மாவட்டத்தில், எங்கள் சிக்கல் ஊர்ப் பக்கம் நிலவியல் படித்தவர் என்றால் போர்வெல் போடத் தண்ணீர்ப் பாயிண்ட் பார்த்துக் கொடுப்பவர் என்று அர்த்தம். தண்ணீர் இல்லாத சீமையில் வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? அவள் விடுமுறைக்கு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் தன் காட்டுக்கு வந்து ஒரு பாயிண்ட் பார்க்கச் சொன்னார்.

"பெரியப்பா, நாங்க பாக்கிறது அதைவிட ரொம்ப ரொம்பக் கீழ" என்றாள்.

"சரி ஆத்தா, அங்கனயும் தண்ணி இல்லையா?" என்றார் அவர்.

அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பீஸ் கொடுத்தால்தான் வாயைத் திறப்பாள் போலிருக்கிறது என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் அவரோடு கொஞ்ச நாள் பேசவில்லை.

வேலை என்ன வேலை என்று கேட்டேன். எண்ணெய்க் கிணறு தோண்டும்போது உள்ளே சேற்றுக் கலவையைச் செலுத்துவார்கள், அது மேலே திரும்பி வரும்போது கல் துணுக்குகளைக் கொண்டுவரும், அதைக் கழுவி, உருப்பெருக்கியில் பார்த்து, இப்போது எந்தப் பாறையில் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், வாயு வருகிறதா என்று சொல்ல வேண்டும் என்றாள். 'மட் லாகிங்' என்று அதற்குப் பெயராம்.

"சேறு கழுவுறதுக்கா இந்தச் சம்பளம்?" என்றேன்.

அவள் பொறுமையாகத்தான் விளக்கினாள். நான் விடவில்லை. சம்பளத்தைப் பிரித்துப் பிரித்துக் கேட்டதில் சாயம் வெளுத்தது. மாதாமாதம் நிச்சயமாக வருவது சின்னத் தொகைதான். கிணற்றடியில் நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் தனியாக ஒரு படி. அந்தப் படிதான் சம்பளத்தை ஊதிப் பெரிதாகக் காட்டியது. நான்கு வாரம் வேலை, நான்கு வாரம் வீடு. வீட்டில் இருக்கும் வாரங்களில் படி கிடையாது.

"அப்ப இது நாட்கூலி" என்றேன்.

"கூலி இல்ல அய்யா, அலவன்ஸ்."

"நம்ம காட்டுல மிளகாய்ப் பழம் எடுக்க வாரவுகளுக்கும் வந்த நாளைக்குத்தான் காசு. அவுகளும் அலவன்ஸா வாங்குறாக?"

அடுப்படியில் இருந்து என் மனைவி சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அன்று திங்கள்கிழமை.

மறுநாள் முழுக்க எனக்கு இதே யோசனை. இரண்டு மூன்று வருஷம் அனுபவம் சேர்ந்தால் சம்பளம் மடங்காகும், வளைகுடா நாடுகளில் கேட்பார்கள் என்கிறாள். அரசாங்க எண்ணெய்க் கம்பெனியில் சேர்ந்துவிட்டால் கவலையே இல்லை, ஆனால் அதற்குப் பரீட்சை எழுத வேண்டும், எடுப்பதோ ஒரு கைப்பிடி ஆட்களை. இன்னொன்றையும் அவளே சொன்னாள். கச்சா எண்ணெய் விலை விழுந்தால் தோண்டுவதை நிறுத்திவிட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்புவார்களாம். கெட்டதையும் சேர்த்துச் சொன்னதால் அவள் சொன்னது உண்மையாக இருக்கலாம் என்று பட்டது. பட்டதும் பயம் வந்தது. அன்றிலிருந்து டிவியில் பீப்பாய் விலையைப் பார்க்க ஆரம்பித்தேன். "நமக்கு என்ன எண்ணெய்க் கிணறா இருக்கு, பிரஷர் மாத்திரையைப் போட்டுட்டு ரிமோட்டைக் குடுங்க" என்றாள் மனைவி. விலை ஏறினால் என் வண்டிக்குக் கேடு, இறங்கினால் மகளுக்குக் கேடு. எதற்குச் சாமி கும்பிடுவது என்றே தெரியவில்லை.

ஊர்ப் பேச்சு வேறு. எங்கள் பக்கம் எரிவாயுக் கிணறு என்றாலே முகம் சுளிப்பார்கள். மழையை நம்பிக் கிடக்கிற பூமி, அதிலும் குழாயை இறக்கினால் என்ன மிஞ்சும் என்ற பயம். "ஒம் மக நாளைக்கு நம்ம காட்டுக்கே குழாய் இறக்க வருவா, பாத்துக்க" என்று அதே பக்கத்து வீட்டுக்காரர் டீக்கடையில் வைத்துச் சொன்னார். அவர் வாயை அடைக்கிற மாதிரி என்னிடம் ஒரு பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

விசாரித்துவிடுவது என்று முடிவு செய்தேன். எப்படி விசாரிப்பது? எனக்குத் தெரிந்த விசாரிப்பு ஒன்றே ஒன்றுதான், மாப்பிள்ளை விசாரிப்பு. என் தங்கைக்கும், அண்ணன் மகள்களுக்கும் அப்படித்தான் விசாரித்தோம். சம்பந்தப்பட்ட வீட்டில் கேட்கக் கூடாது. பக்கத்து டீக்கடையில், முடிதிருத்தும் கடையில் கேட்க வேண்டும். நேராகக் கேட்காமல் ஊர் மழையில் ஆரம்பித்து, விலைவாசி வழியாக விஷயத்துக்கு வர வேண்டும். பளிச்சென்று உடுத்திப் போக வேண்டும், அப்போதுதான் மதித்துப் பேசுவார்கள்.

ராமநாதபுரத்தில் இருந்து ராமேசுவரம் போகிற சாலையில், பனங்காட்டுக்குள் அப்போது ஒரு கிணறு தோண்டிக்கொண்டிருந்தார்கள். கோபுரம்போல் நிற்கும் இரும்புச் சட்டம் பஸ்ஸில் போகும்போதே தெரியும். மகள் சேரப்போகிற கம்பெனி அது இல்லைதான். ஆனால் தொழில் ஒன்றுதானே. புதன்கிழமை காலை வெள்ளை வேட்டி கட்டி, இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினேன். "ராம்நாடு வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று சொன்னேன். எதற்கு என்று மனைவி கேட்டாள். சும்மா என்றேன். சும்மா எங்கேயும் போகாதவன் நான் என்பது அவளுக்குத் தெரியும்.

கிணற்றுக்குத் திரும்புகிற மண்பாதை முக்கில் ஒரு டீக்கடை இருந்தது. கடைக்காரர் என்னைவிடக் கொஞ்சம் இளையவர், பேச்சுப் பிரியர். டீ சொல்லிவிட்டு மழையில் ஆரம்பித்தேன்.

"அண்ணனுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"சிக்கல்."

"அட, சிக்கல்ல என் சகலை இருக்காரே!" என்று சகலையின் வீட்டு அடையாளத்தைச் சொன்னார். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் என்றேன். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தேன்.

"அங்கன கிணத்துல வேலை பாக்கிற பிள்ளைகள்லாம் எப்படி?"

ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தி, என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தார். "அண்ணனுக்கு மக இருக்கா?"

"ஒரே மக. அவளுக்காகத்தான் வந்தேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. சர்க்கரை தூக்கலாக ஒரு டீயை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அங்கன இருக்கிறதெல்லாம் தங்கமான பிள்ளைக அண்ணே. ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. சம்பளத்தை ஏன் கேக்கீக, கை நெறைய வாங்குறாக. ஏசி ரூம்பு, கம்பெனிச் சாப்பாடு."

"பாதி நாளு வீட்டுலயே இருப்பாகளாமே?"

"அது எம்புட்டு நல்ல விஷயம்! வீட்டுக்காரிக்குத் துணையாச்சுல்ல?"

வீட்டுக்காரி என்ற சொல்லிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். அங்கே வேலை செய்கிறவர்கள் ஆண்கள்தானே, அதனால் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

"வேலை நிலைக்குமா?" என்று கேட்டேன்.

"நிலைக்காத வேலைக்கு இம்புட்டுப் பெரிய கோபுரம் கட்டுவாகளா அண்ணே?"

நான் எதைக் கேட்டாலும் நல்லதாகவே வந்தது. ஆபத்து? அதெல்லாம் பந்தோபஸ்து பலம். விலை விழுந்தால்? விழுந்தது ஏறாமலா போகும்? ஒரு குறைகூட இல்லாத இந்தப் பேச்சை என்னால் நம்ப முடியவில்லை. இவருக்குக் கம்பெனியில் இருந்து ஏதாவது வருகிறதோ என்றுகூட நினைத்தேன். தினம் கோபுரத்து ஆட்களுக்கு டீ விற்கிறவர் கோபுரத்தைக் குறை சொல்வாரா?

அப்போது மண்பாதையில் இருந்து ஆரஞ்சு நிற முழு உடுப்பும் சேறு அப்பிய பூட்சும் போட்ட ஒருவர் வந்தார். முப்பதைத் தொட்டிருக்கலாம். "அந்தா, இன்ஜினியரே வாராரு. நீங்களே பேசிப் பாருங்க" என்று எழுந்த கடைக்காரர், எனக்கு முந்தி அவரிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். வந்தவர் என்னைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி எதிரே உட்கார்ந்தார். பேச்சில் தஞ்சாவூர்ப் பக்கம் தெரிந்தது.

"சார், உங்க பொண்ணு விஷயமா வந்திருக்கீங்கன்னு சொன்னார்."

"ஆமா தம்பி. உள்ளதைச் சொல்லுங்க."

அவர் டீயைப் பாதி குடித்தார். "உள்ளதைச் சொல்லணும்னா, வேண்டாம் சார்."

எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. முதல் தடவையாக ஒருவர் உண்மை பேசுகிறார் என்று பட்டது.

"சம்பளம் நல்ல சம்பளம்தான். ஆனா அது எப்ப நிக்கும்னு யாருக்கும் தெரியாது. ஒரு தடவை விலை விழுந்தப்ப, லீவுல வீட்டுக்குப் போன என்னைத் திரும்பக் கூப்பிடவே இல்ல. வேலையை விட்டு எடுத்துட்டோம்னும் சொல்லல. போன் வரும் வரும்னு ஒரு வருஷத்துக்கு மேல உக்காந்திருந்தேன். என்னப்பா, லீவு இன்னும் முடியலையான்னு தெருவே கேட்டுச்சு. அப்புறம் அவங்களே கூப்பிட்டாங்க, போனேன். மும்பைப் பக்கம் கடலுக்குள்ள இருந்தப்ப அப்பா போயிட்டாரு. அன்னிக்குக் காத்து, மழை. ஹெலிகாப்டர் எடுக்க முடியாதுன்னுட்டாங்க. நான் வந்து சேர்றப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. கொள்ளி வச்சது சித்தப்பா பையன்."

அவர் அழவில்லை. மிச்ச டீயைக் குடித்தார்.

"நாலு வாரம் ஆளே இருக்க மாட்டோம். நாலு வாரம் நாள்பூரா வீட்டுலயே கிடப்போம். நல்லது கெட்டது எதுக்கும் வர முடியும்னு வாக்கு கொடுக்க முடியாது. ரெண்டு இடம் இதனாலயே தட்டிப்போச்சு சார். என்னை மாதிரி ஆளுக்கு உங்க பொண்ணைக் கொடுக்காதீங்க. வேற நல்ல இடமாப் பாருங்க."

அப்போதுதான் வீட்டுக்காரியும், சர்க்கரை தூக்கலான டீயும், தங்கமான பிள்ளைகளும் விளங்கின. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்று சொல்லி வளர்ந்த ஊர் இது. மாப்பிள்ளை விசாரிக்க வந்தவனிடம் குறை சொல்லிக் கல்யாணத்தைக் கெடுத்த பாவம் தனக்கு வேண்டாம் என்று கடைக்காரர் அளந்திருக்கிறார். நானே பிறருக்கு அப்படி அளந்திருக்கிறேன்.

"தம்பி, நான் மாப்பிள்ளை பாக்க வரலை. என் மகதான் இந்த வேலைக்குப் போகப்போறா. அந்த வேலையைத்தான் விசாரிக்க வந்தேன்."

இன்ஜினியர் டம்ளரைக் கீழே வைத்தார். கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கழுவின டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன படிச்சிருக்காங்க?"

சொன்னேன். என்ன வேலை, எத்தனை வாரம், படி எவ்வளவு என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவர் முகம் வேறு முகமாகிவிட்டது.

"சேரச் சொல்லுங்க சார்."

வந்தது எனக்குக் கோபம். ஆளைப் பார்த்துப் பேச்சை மாற்றுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "என்ன தம்பி இது? இப்பத்தான் வேண்டாம்னீங்க, இப்ப சேரச் சொல்லுங்கன்றீங்க. இதுல எது உண்மை?"

"ரெண்டுமே உண்மைதான் சார். நான் முதல்ல சொன்னது வீட்டுல காத்திருக்கிறவங்க படுற கஷ்டம். போறவங்க கஷ்டம் வேற."

"போறவுகளுக்கும் கஷ்டம் இருக்குல்ல?"

"இருக்கு. வெயிலு, தூக்கம் கிடையாது, சில எடத்துல நூறு ஆம்பளைக்கு நடுவுல ஒரே பொண்ணா நிக்கணும். ஆனா நம்ம படிச்ச படிப்பு கண்ணு முன்னாடி மேல வரும் சார். அது ஒரு இது. அதோட, கஷ்டத்துக்குக் காசு வருது. காத்திருக்கிறவங்களுக்கு யாரும் அலவன்ஸ் குடுக்கிறதில்ல."

போவதற்குமுன் சில விஷயங்கள் சொன்னார். ஒப்பந்தத்தை வரிவிடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், வருகிற சம்பளத்தில் பாதி இல்லவே இல்லை என்று நினைத்து ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள், வேலையில் சேர்ந்த முதல் வருஷமே அரசாங்கப் பரீட்சையை எழுதச் சொல்லுங்கள். டீக்காசை என்னைக் கொடுக்க விடவில்லை, அவரே கொடுத்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்தது. மூன்று நாளாக, நகையை உரசுவதுபோல் நான் சம்பளத்தை உரசினேன், கம்பெனியை உரசினேன், எண்ணெய் விலையை உரசினேன். யாருக்காக? மகள் ஏமாந்துவிடக் கூடாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் போய்விட்டால் அந்த நான்கு வாரம் நான் என்ன செய்வேன் என்பதுதான் அடியில் கிடந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போனதும், போய்ச் சேர் தாயி என்று நானாகவே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதை எப்படிச் சொல்வது என்று ஒத்திகைகூடப் பார்த்தேன்.

வீட்டு வாசலில் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாப்பிள்ளைக்கு எந்த ஊராம்?"

"எந்த மாப்பிள்ளை?"

"ராம்நாட்டுல போயிப் பாத்தீகளே, அந்த மாப்பிள்ளைதான். ரெண்டு தெரு தள்ளி இருக்கிறவுக வந்து, பையன் தங்கமாம்லன்னு சொல்லிட்டுப் போறாக. பெத்தவ எனக்கே தெரியாம அப்படி என்ன ரகசியம்?"

நான் இன்ஜினியரோடு பேசிக்கொண்டிருந்தபோதே டீக்கடைக்காரர் சகலைக்குப் போட்ட போன் என் பஸ்ஸை முந்திவிட்டது. உள்ளே மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"கல்யாணம் பண்ணி வச்சுட்டா வேலைக்குப் போக மாட்டேன்னு நெனச்சீகளா அய்யா?"

நடந்ததைச் சொன்னேன். வேலையை விசாரிக்கத்தான் போனேன், டீக்கடைக்காரர் தப்பாகப் புரிந்துகொண்டு ஓர் இன்ஜினியரை என் எதிரே உட்காரவைத்துவிட்டார் என்றேன். மனைவி நம்பவில்லை. உலகத்தில் யாராவது டீக்கடையில் போய் வேலையை விசாரிப்பார்களா என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மற்றவர்களைப் பார்க்கிற பார்வை அது.

"சரி, இப்பச் சொல்றேன். நீ போய்ச் சேரு தாயி. பதில் அனுப்பிரு" என்றேன்.

"அனுப்பிட்டேன் அய்யா."

"எப்ப?"

"காலையில, நீங்க பஸ் ஏறின உடனே."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா விசாரிப்பீக. விசாரிச்சா ஏதாச்சும் ஒரு குத்தத்தைக் கண்டுபிடிப்பீக. குத்தம் இல்லாத வேலை எங்கன இருக்கு அய்யா?"

எனக்குக் கோபம் வரவில்லை. வலித்தது. ஊரில் ஒருவரையும் நம்பாதவனை அவன் மகளும் நம்பவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன். மனைவி இரண்டு பேருக்கும் சோறு போட்டுவிட்டு, எங்கள் நடுவில் அவளும் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த இன்ஜினியர் என்னதான் சொன்னாரு?" என்று மகள் கேட்டாள்.

நல்லதை மட்டும் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். விலை விழுந்தது, போன் வராமல் உட்கார்ந்திருந்தது, நூறு பேருக்கு நடுவில் ஒரு பெண் நிற்பது எல்லாம் சொன்னேன். அவற்றுக்கெல்லாம் தலையாட்டினாள், தெரிந்துதான் இருந்தது அவளுக்கு. கடலுக்குள் இருந்தபோது அவருடைய அப்பா போனதையும், ஹெலிகாப்டர் எடுக்காததையும், சித்தப்பா பையன் கொள்ளி வைத்ததையும் சொன்னபோது அவள் தட்டில் கை நின்றுவிட்டது.

பிறகு தலையை நிமிர்த்தாமலே, "அப்ப நீங்க பிரஷர் மாத்திரையை ஒழுங்காப் போடணும் அய்யா" என்றாள்.

போடுகிறேன் என்றேன். போட்டுக்கொண்டிருக்கிறேன்.